நிறுத்தி வைத்த காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்களா? முதல் பத்து நிமிடத்திலிருந்து பட்டறை வரை

நிறுத்தி வைத்த காரை எவரோ இடித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு என்னிடம் மருந்து இல்லை. பணத்தை மீட்க வழி இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதை அடுத்துச் செய்கிறோம் என்பதில்தான் அது நிற்கிறது.

மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெரிய பேரங்காடிகளில் இருப்பதுபோல் இங்கே தடுப்புக் கம்பமோ, நுழைவுச் சீட்டோ, காவலரோ கிடையாது. கடை வரிசைக்கு முன்னால் பாதி அழிந்துபோன வெள்ளைக் கோடுகள் மட்டும் இருக்கும். சம்பளம் போட்ட வார இறுதியில் கோட்டுக்கு வெளியே இரண்டாவது வரிசை நிற்கும். இடைவெளிகளில் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்திருக்கும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். உரசல் நடக்காவிட்டால்தான் வியப்பு.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். முதலில் கையால் துடைக்கிறார்கள், பிறகு கத்துகிறார்கள், பிறகு தெரிந்த பட்டறைக்கு ஓட்டிப்போகிறார்கள், மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய எல்லாமே அழிந்திருக்கும்.

1. முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

காரின் பழைய படங்கள் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கார் கழுவியதும் நான்கு பக்கமும் நான்கு மூலையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். இடித்தவர் சொல்லும் முதல் வார்த்தை ‘அது முன்பே இருந்த கீறல்’ என்பதாகவே இருக்கும். காப்புறுதி நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளரும் புதிய சேதம் எது, பழைய சேதம் எது என்றுதான் முதலில் பார்ப்பார். தேதியோடு கூடிய ஒரு படம் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிவிடும்.

கார் யார் பெயரில், எந்த நிறுவனத்தில், எந்த வகைக் காப்புறுதி என்பது வீட்டில் ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் கார் அப்பா பெயரில் இருக்கும், காப்புறுதியை அண்ணன் புதுப்பிப்பார், தங்கை ஓட்டுவார். 2023 முதல் சாலை வரி மின்னியல் வடிவத்துக்கு வந்துவிட்டதால் கண்ணாடியில் ஒட்டிய தாளும் இல்லை. காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

அளவு நாடா ஒன்று, பேனா, நான்கைந்து வெற்றுத் தாள்கள். இவை முன்னிருக்கைப் பெட்டியில் எப்போதும் கிடக்கட்டும். ஏன் என்பது கீழே வரும்.

டேஷ்கேம் (காருக்குள் பொருத்தும் பதிவுக் கேமரா) வைத்திருப்பவர்களில் பலர் இயந்திரத்தை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடுகிறது என்பதையே அறியாமல் இருக்கிறார்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டுமானால் அந்த வசதி உள்ள கருவி வேண்டும். அதைக் காரின் மின்சாரத்தோடு நேரடியாக இணைத்திருக்க வேண்டும். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக நிறுத்திக்கொள்ளும் அமைப்பும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் கார் கிளம்பாது. பின்பக்கக் கேமராவும் சேர்த்தே வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா கார் நிறுத்துமிடத்தில் பாதிக் குருடு.

2. முதல் பத்து நிமிடம்: தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள்

சேதத்தைப் பார்த்ததும் கை தானாகவே போகும். கட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அதைச் செய்யாதீர்கள். சிவப்புக் கதவின்மேல் இழுபட்டிருக்கும் அந்த வெள்ளைத் தடம் உங்கள் காரின் சேதம் அன்று. இடித்த வண்டி விட்டுப்போன சாயம். உங்களிடம் உள்ள ஒரே கையெழுத்து அதுதான், அதையே துடைத்துவிடுகிறோம்.

படங்களைத் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு என்ற வரிசையில் எடுங்கள். முதலில் கடைப் பெயர்ப்பலகை தெரிய, உங்கள் கார் எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று காட்டும் படம். கோட்டுக்குள் நிறுத்தியிருந்தீர்கள் என்பதற்கு இதுவே அத்தாட்சி. கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தாலும் எடுங்கள். இடித்தவர் எப்படியும் அதைச் சொல்லத்தான் போகிறார்.

அடுத்து, இடப்புறம், வலப்புறம், முன்னால், பின்னால் நிற்கும் எல்லா வண்டிகளின் எண் பலகைகள். இதைத்தான் அநேகமாக எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இடித்தவர் இன்னும் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். அவர் இல்லாவிட்டாலும் எதிர் வரிசைக் காரில் ஓடிக்கொண்டிருக்கும் டேஷ்கேம் பார்த்திருக்கலாம். பத்து நிமிடத்தில் அந்த வரிசையே மாறிவிடும்.

பிறகு தரை. விளக்கின் உடைந்த துண்டு, பம்பர் விளிம்பிலிருந்து உதிர்ந்த செம்மண் கட்டி, கண்ணாடிச் சில். தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிகளின் அடியில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும், மோதினால் கொட்டிவிடும். அது எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படமெடுங்கள். துண்டுகளைப் படமெடுத்த பிறகு ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கடைசியாகக் கிட்டப் படம். அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, கீறல் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது தெரிய எடுங்கள். நேருக்கு நேர் எடுத்தால் ஒடுக்கு படத்தில் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் சரிந்து விழும்படி எடுங்கள்.

எப்போது நிறுத்தினீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்ற இரண்டு நேரங்களையும் உடனே எழுதுங்கள். நிறுத்தக் கட்டணத்தைக் கைப்பேசிச் செயலியில் கட்டியிருந்தால் தொடங்கிய நேரம் அதில் இருக்கும். கடை ரசீதில் பணம் கட்டிய நேரம் இருக்கும். நான்காம் படியில் கடைக் கேமராவைப் பார்க்கச் சொல்லும்போது ‘காலையில் எப்போதோ’ என்றால் எந்தக் கடைக்காரரும் உட்கார்ந்து தேட மாட்டார். ‘பதினொன்று பத்திலிருந்து பதினொன்று நாற்பதுக்குள்’ என்றால் தேடுவார்.

3. எது இடித்தது என்று படியுங்கள்

இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் தேடும் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

கதவின் மிகவும் புடைத்த பகுதியில் விரல்நுனி அளவு ஒடுக்கு, நடுவில் சாயம் தெறித்திருந்தால் பக்கத்துக் காரின் கதவு. பம்பர் மூலையில் கிடையாக நீண்ட உரசலும் வேற்று நிறமும் இருந்தால் பின்னோக்கி எடுத்த அல்லது திரும்பிய கார். கதவில் ஒரே புள்ளியில் ஆழமான குத்தும் கீழே இன்னொரு சிறிய தடமும் இருந்தால் சாய்ந்து விழுந்த மோட்டார் சைக்கிள். பக்கக் கண்ணாடி மட்டும் மடங்கி உடைந்திருந்தால் உயரமான வேனையோ லாரியையோ தேடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு கதை. முன் கதவிலிருந்து பின் கதவு வரை, கைப்பிடி உயரத்தில், மெல்லிய ஒரே கோடாக ஓடினால் அது விபத்தாக இருக்க வழியில்லை. சாவியாலோ ஆணியாலோ வேண்டுமென்றே இழுத்தது. அது குற்றவியல் சட்டத்தின் 427ஆவது பிரிவின் கீழ் வரும் நாசவேலை. போக்குவரத்துப் பிரிவுக்குப் போகாமல் சாதாரண காவல் புகாராகக் கொடுக்க வேண்டும். சொந்தக் காரின் சேதத்துக்கும் பணம் தரும் முழுமைக் காப்புறுதியில் வேண்டுமென்றே செய்த சேதமும் அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. கேமராவைத் தேடிப் போகும் முறை

சிறு டவுனில் நமக்குள்ள பெரிய பலம் இதுதான், பெரிய பலவீனமும் இதுதான். கடைக்குக் கடை கேமரா இருக்கிறது. ஆனால் பாதிக் கேமராக்கள் கல்லாவைப் பார்க்கின்றன, கால்வாசி வேலை செய்வதில்லை. எல்லாக் கடையிலும் ஏறி இறங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். நகைக்கடை, அடகுக் கடை, வங்கி, எண்ணெய் நிலையம் ஆகிய இடங்களின் கேமராக்கள் வாசலையும் பார்க்கும், படமும் தெளிவாக இருக்கும். மளிகைக் கடைக் கேமரா பெரும்பாலும் வாசலில் அடுக்கிய அரிசி மூட்டையைக் காவல் காக்கிறது. அதன் மூலையில் உங்கள் கார் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அன்றே போங்கள். பதிவுப் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பல கடைகளில் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் தாங்கும். ‘போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும்’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

கல்லாவில் நிற்கும் பையனிடம் கேட்டுப் பயனில்லை. அவனுக்குக் கடவுச்சொல் தெரியாது. தெரிந்தாலும் முதலாளிக்குப் பயப்படுவான். தவுக்கே, அதாவது அந்த முதலாளி, எப்போது வருவார் என்று கேட்டு, அவர் இருக்கும்போது போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். நான்கு பேர் கோபமுகத்தோடு நுழைந்தால் எந்தக் கடைக்காரரும் ‘கேமரா பழுது’ என்றுதான் சொல்வார். யாரையும் மாட்டிவிடக் கேட்கவில்லை, காப்புறுதிக்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும்.

படம் கிடைத்தால் முதலில் திரையையே உங்கள் கைப்பேசியில் காணொளியாக எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்ற வாக்குறுதி நாளைக்கு மறந்துபோகும். அப்படி எடுக்கும்போது திரையில் உள்ள நேரத்தையும் இன்னொரு கைப்பேசியின் நேரத்தையும் ஒரே சட்டத்தில் வருமாறு எடுங்கள். கடைக் கேமராக்களின் கடிகாரம் சரியாக ஓடுவது அபூர்வம். நாற்பது நிமிடம் பின்தங்கிய நேரத்தோடு நீங்கள் கொடுக்கும் காணொளியை, ‘அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை’ என்று எதிராளி ஒரே வரியில் தள்ளிவிடலாம்.

தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று சொல்லிக் காட்ட மறுத்தால் வாதாட வேண்டாம். பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கடை, எந்தக் கேமரா, எந்த நேரம் என்பதைக் குறித்துக்கொண்டு காவல் புகாரில் சேர்த்துவிடுங்கள். விசாரணை அதிகாரி கேட்டால் கொடுப்பார்கள்.

எண் பலகை கிடைத்ததும் கை துறுதுறுக்கும். முகநூல் குழுவிலும் தோட்டத்து வாட்ஸ்அப்பிலும் எண்ணோடு வசவையும் சேர்த்துப் போட்டால் ஒரு நாள் மனம் குளிரும். பிறகு அவதூறு என்றும், தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆவது பிரிவு என்றும் உங்கள்மேல் புகார் வரலாம். அவர் குற்றவாளியாக இருந்த கதை மாறி, நீங்கள் பதில் சொல்லும் கதையாகிவிடும். அதோடு, வண்டியை ஓட்டியவர் ஒருவர், சொந்தக்காரர் வேறொருவர் என்பது இங்கே சர்வசாதாரணம்.

5. ஆள் கிடைத்துவிட்டால்

இடித்தவர் நின்றிருந்தாலும், பிறகு கண்டுபிடித்தாலும், முதலில் படமெடுக்க வேண்டியது அவருடைய காரின் சேதத்தை. உங்கள் காரில் உள்ள உயரமும் அவருடைய காரில் உள்ள உயரமும் ஒத்துப்போகிறதா என்று அதே அளவு நாடாவால் காட்டுங்கள். பேச்சு சூடாவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

விபத்து நடந்தால் நிற்பதும், காரணத்தோடு கேட்பவருக்குப் பெயர், முகவரி, வண்டி விவரங்களைக் கொடுப்பதும் ஓட்டுநரின் கடமை என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் 52ஆவது பிரிவு சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் அறிவிப்பதும் அதே பிரிவில் வருகிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், தகவலாகச் சொன்னால் போதும்.

சிறு ஊரில் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்: “அண்ணே, சின்னக் கீறல்தானே, பாலிஷ் போட்டால் போய்விடும். புகார் எல்லாம் வேண்டாம், நானே கட்டிவிடுகிறேன்.” ஏன் அப்படிக் கெஞ்சுகிறார் என்பது புரிய வேண்டும். புகார் போனால் தவறு செய்தவருக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் வரலாம். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காக அவர் காப்புறுதிக் கட்டணத்தில் சேர்த்த கழிவும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே நேரடியாகக் கட்டுவதில் அவருக்கும் லாபம் உண்டு. ஒப்புக்கொள்வது தவறில்லை. எப்படி ஒப்புக்கொள்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அங்கேயே ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். பம்பரின் மேல் தெரியும் கீறல் ஒரு விஷயம்; உள்ளே உடைந்த பிடிப்புகள், வளைந்த தாங்கி, சிதைந்த உணர்கருவி ஆகியவை வேறு விஷயம். கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும். இருநூறு வாங்கிக்கொண்டு கைகுலுக்கியவர், பட்டறையில் எழுநூறு என்றதும் தொலைபேசியில் அழைத்தால் எதிர்ப்பக்கம் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். இருவருமாகப் பட்டறைக்குப் போய், மதிப்பீட்டுத் தாள் வாங்கி, அதைப் பார்த்துத் தொகை பேசுங்கள்.

தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, இடம், இரண்டு வண்டிகளின் எண்கள், ‘நிறுத்தியிருந்த காரை நான் பின்னோக்கி எடுக்கும்போது இடித்தேன்’ என்ற வாக்கியம், தொகை, கட்டும் நாள், பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம். இரண்டு பிரதிகள். பணம் ரொக்கமாக வேண்டாம். வங்கிப் பரிமாற்றமாகவே வரட்டும், குறிப்பில் வண்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கெடு. ‘அடுத்த வாரம் சம்பளம் வந்ததும்’ என்ற பேச்சுக்கு இணங்கினால் 24 மணி நேரம் கடந்துவிடும். அதன்பின் போய்ப் புகார் கொடுத்தால், ஏன் தாமதம் என்ற கேள்விக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த 24 மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்வரை பணம் வராவிட்டால் புகார் கொடுப்பேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, வராவிட்டால் கொடுத்தே விடுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், கோவில் குழுவில் இருப்பவர் என்ற தயவு தாட்சண்யத்தில்தான் இங்கே அதிகப் பணம் மூழ்குகிறது.

6. காப்புறுதியைத் தொடலாமா? முதலில் கணக்கு

ஆள் தெரியாத நிலையில் உங்கள் சொந்தக் காப்புறுதியில் கோரினால், சேர்த்து வைத்த என்.சி.டி. கழிவு, அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான கட்டணக் கழிவு, சுழியத்துக்கு இறங்கும். தனியார் காருக்கு அந்தக் கழிவு ஏறும் படிகள்: முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டிலிருந்து 55. ஒரே கோரிக்கையில் உச்சியிலிருந்து தரைக்கு வந்து, மறுபடி ஏற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கழிவுக்கு முன் காப்புறுதிக் கட்டணம் 1,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டோடு நீங்கள் கட்டுவது 630. கோரிய பிறகு அடுத்த ஆண்டு 1,400 முழுசாகக் கட்ட வேண்டும், அதற்கடுத்து 1,050, பிறகு 980, பிறகு 863, பிறகு 770, ஆறாவது ஆண்டில்தான் மறுபடி 630. ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் ஏறத்தாழ 1,900 வெள்ளி. கட்டணம் மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, ஆனால் பாடம் தெளிவு: இந்தக் காருக்கு 1,900க்குக் குறைந்த சேதத்தை ஆள் தெரியாமல் காப்புறுதியில் கோருவது சொந்தப் பணத்தைச் சுற்றி வளைத்துக் கட்டுவதுதான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இடித்த வண்டி தெரிந்துவிட்டால் கணக்கே வேறு. உங்களிடம் முழுமைக் காப்புறுதி இருந்து, எதிராளியின் வண்டிக்கும் காப்புறுதி இருந்து, காவல்துறை விசாரணை அவர்மேல் தவறு என்று முடிவு சொன்னால், ‘நாக்-ஃபார்-நாக்’ முறையில் உங்கள் நிறுவனத்திடமே கோரலாம், என்.சி.டி. குறையாது. முகவரிடம் பேசும்போது இந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கள். வெறுமனே ‘கோர வேண்டும்’ என்றால் சொந்தச் சேதக் கோரிக்கையாகப் பதிந்துவிடும் முகவர்கள் உண்டு.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் சொந்த நிறுவனம் உங்கள் காருக்கு எதுவும் தராது. எதிராளியின் நிறுவனத்திடம் நேராகக் கோர வேண்டும். காலம் இழுக்கும், ஆனால் பழுதுபார்க்கும் நாட்களுக்கான இழப்பீட்டையும் அதில் சேர்த்துக் கேட்கலாம்.

7. காவல் நிலையத்தில்

கோருவதா இல்லையா என்று முடிவாகாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுங்கள். புகார் கொடுத்ததால் என்.சி.டி. போகாது; கோரினால்தான் போகும். இந்தக் குழப்பத்தில் புகாரே கொடுக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

எந்த நிலையத்திலும் புகார் எழுதிக்கொள்வார்கள், ஆனால் சம்பவம் நடந்த மாவட்டத்தின் போக்குவரத்துப் பிரிவுதான் விசாரிக்கும். பெஸ்தாரி ஜெயா என்றால் கோல சிலாங்கூர். விசாரணை அதிகாரி காரைப் பார்த்துப் படமெடுக்க வேண்டியிருப்பதால் அதே காரை ஓட்டிக்கொண்டு போங்கள், கழுவாமல். காரை நிறுத்தியவர் யாரோ அவரே புகார் கொடுக்க வேண்டும். சொந்தக்காரரான அப்பா போனால் ‘நீங்கள் பார்த்தீர்களா’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

புகார் மலாய் மொழியில் பதியப்படும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டச்சு செய்வார்கள். ஆகவே வீட்டிலேயே ஐந்தாறு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தினேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன், எந்தப் பக்கத்தில் என்னென்ன சேதம், எந்த நிறச் சாயம் ஒட்டியிருக்கிறது, எந்தக் கடையில் கேமரா உள்ளது, வண்டி எண் தெரிந்தால் அது. ஊகங்களைச் சேர்க்காதீர்கள். ‘பக்கத்தில் நின்ற வெள்ளைக் காராகத்தான் இருக்கும்’ என்று எழுதிவிட்டு, பிறகு கேமராவில் சாம்பல் நிற வேன் தெரிந்தால் உங்கள் புகாரே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடைசி வரியில் கவனம் வையுங்கள். எதற்காகப் புகார் என்ற இடத்தில் ‘தகவலுக்காக மட்டும்’ என்று முடிந்திருந்தால் கோப்பு அங்கேயே தூங்கும். காவல்துறை நடவடிக்கைக்கும் காப்புறுதிக் கோரிக்கைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். கையொப்பமிடும் முன் முழுவதையும் வாசியுங்கள்; வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் தொடர்பு எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

8. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்தல்

சேதம் நடந்த 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கமான மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகாது. நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, கோப்பு எண் வாங்குங்கள்.

அனுமதி வருமுன் காரைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். மதிப்பீட்டாளர் பார்க்கச் சேதம் இருக்க வேண்டும். அவர்களுடைய பட்டியலில் உள்ள பட்டறைதானா என்றும் கேளுங்கள். டவுனில் உள்ள தெரிந்த பட்டறை பட்டியலில் இல்லாமல் போகலாம். பழைய காருக்குப் புதிய அசல் உதிரிபாகம் போட்டால் விலையில் ஒரு பங்கை உங்கள் தலையில் வைப்பார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேளுங்கள்.

9. ஆள் தெரியும், ஆனால் கட்ட மறுக்கிறார்

5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். 198ஆம் எண் படிவத்தை நிரப்பினால் போதும். அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். ஐந்தாம் படியில் எழுதி வாங்கிய தாள் இங்கேதான் பயன்படும். படங்கள், காணொளி, புகாரின் நகல், பட்டறை மதிப்பீடு, ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான வழக்குகளுக்கு. இரண்டு ஓட்டுநர்கள் சண்டைக்கு அங்கே இடமில்லை.

10. பட்டறைக்குப் போகும்போது

சொந்தப் பணத்தில் செய்வதென்று முடிவாகிவிட்டால் முதலில் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் போனால் மேற்பூச்சு மட்டும்தான் உரசியிருக்கிறது. பாலிஷில் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டினால் சாயம் பூச வேண்டும்.

அவசரம் எது என்பது சேதத்தின் அளவில் இல்லை, பொருளில் இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, தீபாவளி முன்பணம் வரும்வரை காத்திருக்கும். கதவிலோ மட்கார்டிலோ இரும்பு வெளியே தெரிந்தால் காத்திருக்க முடியாது. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் சில நாட்களில் செம்புள்ளி விழுந்து, சாயத்தின் அடியில் பரவத் தொடங்கும். எல்லாப் படங்களும் எடுத்து, விசாரணை அதிகாரியும் மதிப்பீட்டாளரும் பார்த்த பிறகு, பட்டறைக்குப் போகும்வரை அந்த இடத்தைத் துடைத்து நிறமில்லா நகப்பூச்சைத் தடவி வையுங்கள். மலிவான வேலை, நன்றாகத் தாங்கும்.

சாயம் போகாமல் ஒடுக்கு மட்டும் விழுந்திருந்தால், உள்ளிருந்து தள்ளி நிமிர்த்தும் வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். எல்லாப் பட்டறைகளும் பூசிவிடத்தான் பார்க்கும்; தொழிற்சாலைச் சாயத்தைத் தேய்த்துவிட்டால் அது திரும்ப வராது.

சாயத்தின் குறியீட்டு எண் காரில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. பல கார்களில் கதவைத் திறந்தால் தெரியும். அதைக் காட்டியே கலக்கச் சொல்லுங்கள். வெள்ளையில் மட்டும் எத்தனையோ வெள்ளை உண்டு.

காரை மாலையில் எடுக்காதீர்கள். பட்டறையின் குழல்விளக்கில் எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பகல் வெயிலில், புதிதாகப் பூசிய பகுதியும் பக்கத்துப் பகுதியும் ஒரே பார்வையில் விழும்படி சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பிறகு கிட்டப்போய், கதவு விளிம்பிலும் ரப்பர் ஓரத்திலும் சாயம் தெறித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; சொரசொரப்பாக இருந்தால் ஒழுங்காக மறைக்காமல் அடித்திருக்கிறார்கள். பம்பரின் இரு முனைகளிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா, பின்பக்க உணர்கருவி ஒலிக்கிறதா என்பதையும் பணம் கட்டுமுன் சோதியுங்கள். வேலை மோசமாக இருந்து பட்டறை கையை விரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு அப்போது போகலாம்; அதற்கு ரசீது வேண்டும், ஆகவே ‘ரசீது இல்லாமல் ஐம்பது குறைத்துத் தருகிறேன்’ என்ற சலுகையை ஏற்காதீர்கள்.